‘நோ ஃபைல்’ என்று காட்டிய பென்டிரைவ்

அன்பு மகனே,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய பெட்டி இன்று காலை கூரியரில் வந்து சேர்ந்தது. கையெழுத்திட்டு வாங்கிக் கூடத்து மேசையின் மீது வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை, பிரிக்கும் எண்ணமும் இல்லை. மேலே அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்தே அது லாரிக்கான புதிய ஆடியோ செட் என்பதையும், அகன்ற திரை உடையது என்பதையும், எவ்வகைப் பென்டிரைவைச் செருகினாலும் படித்துவிடும் என்று உற்பத்தியாளர் உறுதி கூறுகிறார் என்பதையும் அறிந்துகொண்டேன். உன் அப்பா குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடியே அப்பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "பாத்தியா, பையனே செட்டு வாங்கி அனுப்பீட்டான். இன்னும் நல்லா ஓட்டுன்னு சொல்றான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அதனால்தான் அடுப்பை அணைத்துவிட்டு இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

தொலைபேசியில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை எழுவாயிலிருந்து தொடங்கிப் பயனிலையை அடைவதற்குள், "அம்மா, அது செட்டு ப்ராப்ளம்மா" என்று நீ முடித்துவிடுகிறாய். ஒரு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் என்னை இடைமறிக்க உன்னால் இயலாது. உனக்கு மின்னஞ்சலில் அனுப்பும் இதன் படியொன்றை, நம் லாரிக் குடும்பத்துப் பெண்கள் நடத்தும் மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகள் நாமக்கல்லில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்களுக்கு இது பயன்படும். அடுத்த மாதம் உனக்குத் திருமணம். ஊர் கூடி உன்னை வாழ்த்தப் போகும் வேளையில் அம்மா இப்படிக் குறை கூறி எழுதலாமா என்று எவரேனும் கேட்டால், திருமணத்துக்கு முன்பே சொல்ல வேண்டிய செய்தி இது என்று பதில் கூறுவேன்.

வண்டி லோடுக்குக் கிளம்பும் முன் இங்கே வீட்டிலிருந்து என்னென்ன ஏறும் என்பது உனக்குத் தெரியாததன்று. அரிசி, மிளகாய்த்தூள், புளி, ஊறுகாய் ஜாடி, கேபினில் சமைப்பதற்கான சிறிய அடுப்பு, வேட்டி துண்டுகள், மாத்திரைப் பெட்டி. இவற்றோடு பென்டிரைவ். மற்ற வீடுகளில் அதில் பாட்டு இருக்கும். நம் வீட்டுப் பென்டிரைவில் என் குரல் இருக்கும். உன் அப்பாவுக்குச் சினிமாப் பாட்டைத் தொடர்ந்து கேட்டால் தலை கனக்கும். எனவே நாளிதழ்க் கட்டுரைகளையும், வார இதழ்க் கதைகளையும், இடையிடையே வீட்டுச் செய்திகளையும் நான் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தனுப்புவேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவள் நான். பின்னர் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றதும், நூலகத்துப் புத்தகங்களைப் படித்து என் தமிழைச் செம்மை செய்துகொண்டதும் எவரும் கற்பித்து நடந்தவை அல்ல. உன் கல்லூரிக்காலத்து மடிக்கணினியில் ஒலிப்பதிவைச் சீர்செய்யவும், கைப்பேசி தரும் எம்4ஏ கோப்பை லாரி செட் ஏற்கும் எம்பி3யாக மாற்றவும் நானே முயன்று கற்றுக்கொண்டேன். உன் அப்பா என்னை "ரேடியோக்காரி" என்று கேலி செய்வார். ஆனால் ஒரு தடவை பென்டிரைவை மறந்து வைத்துவிட்டுக் கிளம்பியவர், கரூர் சாலையில் வெகுதூரம் போன பிறகும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வாங்கிச் சென்றார்.

அவர் அதைக் கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையெனில் நடந்ததன் கனம் உனக்குப் புரியாது. உடன் வரும் மாற்று ஓட்டுநர் செல்லமுத்து பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் உறங்கும்போது, அப்பா ஓட்டும் முறையில்தான் என் குரல் ஓடும். செல்லமுத்து ஓட்டும் முறையில் அவனுடைய பென்டிரைவில் பாட்டு ஓடும். தொலைபேசியோ தாபாக்களில், பத்துப் பேர் நடுவில், "ஆங்? கேக்கல" என்று கத்திக்கொண்டு பேசுவதற்கு மட்டுமே உதவும். தனக்குப் பிடிக்காத ஒன்றை நான் சொல்லத் தொடங்கினால் அவருக்கு எப்போதும் சிக்னல் கிடைக்காமல் போய்விடும். எதிரே அமர்ந்து பேசினால் இருவருக்கும் சண்டை வரும். ஆகையால் எங்களுக்குள் முக்கியமான எதுவாயினும் நான் அதில்தான் சொல்வது வழக்கம். அவர் மறுமொழியைத் திரும்பி வந்து சொல்வார், பெரும்பாலும் சாப்பிடும்போது, ஒரே வரியில். உன் தங்கையை நர்சிங் படிக்க வைப்பது என்று முடிவானதுகூட அவ்வாறே.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அன்று உன் அப்பா ஒடிசாவில் லோடு இறக்கக் காத்துக் கிடந்தார். பெண் வீட்டார் முன்னிலையில் அவருக்கு உரிய இடத்தில் உன் சித்தப்பா அமர்ந்து தட்டு மாற்றினார். அப்பா வந்து சேர்ந்தபோது பந்தல் பிரித்தாகிவிட்டது. அவருக்கு விழாவைக் காட்டியே ஆக வேண்டும் என்று நீ துடித்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீடியோக்காரர் கொடுத்த பதிவு ஒரே கோப்பாக, பெரிய கோப்பாக இருந்தது. அதைத் தொலைக்காட்சியில் போட வேண்டும். உன் கைக்கு எட்டியது என் பென்டிரைவ். அதில் நகல் எடுக்க முயன்றாய். கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுத்தது. காலியிடம் ஏராளமாக இருந்தும் ஏன் மறுக்கிறது என்று நான் கேட்டேன். "ஃபேட் 32ல நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா போகாதும்மா, அது பழைய ஃபார்மேட்டு" என்றாய். என் பதிவுகளைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு, பென்டிரைவைப் பெரிய கோப்பையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் என்ற வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி, வீடியோவையும் ஏற்றி, என் பதிவுகளையும் திரும்ப வைத்தாய். கணினியில் திறந்து காட்டினாய். தொலைக்காட்சியிலும் ஓடிற்று. "எல்லாம் அப்படியே இருக்கும்மா, ஒண்ணும் போகல" என்று என் கையில் கொடுத்தாய். நீ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அப்பா அந்த வீடியோவை முழுவதும் பார்த்தார். தட்டு மாற்றும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, தன் தம்பி அமர்ந்திருந்த நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தார். மறுநாள் நீ பெங்களூருக்குப் புறப்பட்டுப் போன பிறகு, இலையில் மோரை ஊற்றியபோது அவர் என்னிடம் கேட்டார்: "ராசிபுரத்துக்காரரு வண்டியக் கேக்கறாரு. நல்ல மனுசன். குடுத்துப்போட்டு ஊட்டோட இருந்துக்கட்டுமா? நீ சொல்லு."

நான் உடனே பதில் சொல்லவில்லை. மகனின் நிச்சயதார்த்தத்துக்கு வராத மனிதர் மறுநாள் மோர்சாதத்துக்கு நடுவே இதைக் கேட்கிறாரே என்ற கோபம் எனக்கு. கோபம் வந்தால் நான் பேசமாட்டேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் அடுத்த லோடுக்கு ஆயத்தமானபோது நான் மடிக்கணினி முன் அமர்ந்து என் பதிலைப் பதிவு செய்தேன். எழுதி வைத்துக்கொண்டு, திருத்தி, வாசித்தேன். வாகனத்தை விற்றுவிட்டு இல்லம் திரும்புவதே என் தீர்மானமான விருப்பம் என்றேன். கண் கூசுகிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது என்று அவர் மறைத்து வைத்திருக்கும் அனைத்தையும் நான் அறிவேன் என்றேன். எவருக்காகவும் இனி ஓட வேண்டியதில்லை என்றேன். அதைப் பென்டிரைவில் சேர்த்து, மாத்திரைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். வழக்கமாகச் செய்வதுதான். வழக்கமாக அது வேலை செய்யும்.

அவர் போன பின் சில முறை பேசினோம். லோடு, மழை, டயர், சாப்பாடு. கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. தாபாவில் நின்று விவாதிக்கும் பொருளா அது? அவராகவும் எதுவும் சொல்லவில்லை. வந்து சாப்பிடும்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். "ராசிபுரத்துக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அவரும் திருச்செங்கோட்டுல வேற வண்டி பாத்துட்டாரு" என்றார். ஏனுங்க என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சொல் மாறாமல் எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"நீதான் ஒண்ணுமே சொல்லலியே. பென்டிரைவச் சொருகினா நோ ஃபைல்னு வருது. செட்டுத்தான் கெட்டுப்போச்சோன்னு பாத்தா, செல்லமுத்து பாட்டு கணகணன்னு பாடுது. அப்ப நீ வெறும் பென்டிரைவக் குடுத்தனுப்பியிருக்கே. வெறுசாக் குடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருசம் உன்ர கூடக் குடும்பம் நடத்தியிருக்கறனே."

மகனே, அவருடைய தர்க்கத்தில் குறை காட்டு, பார்க்கலாம். செட் வேலை செய்கிறது. மற்றொருவன் பென்டிரைவ் பாடுகிறது. என்னுடையதில் கோப்பு இல்லை என்று திரையே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது. என் கோபம் ஏற்கெனவே அவருக்குப் பழக்கமானது. வேறென்ன முடிவுக்கு ஒரு மனிதர் வர முடியும்? ‘எனக்கு இந்த ஃபார்மேட்டைப் படிக்கத் தெரியாது’ என்று அந்தச் செட் நேர்மையாகச் சொல்லியிருந்தால் அவர் என்னை அழைத்திருப்பார். ஒன்றுமே இல்லை என்று அது அடித்துச் சொன்னது. அவரும் நம்பி, என் விருப்பம் ஓட்டச் சொல்வதே என்று முடிவு கட்டி, ராசிபுரத்துக்காரரை மறுத்ததோடு நில்லாமல், ஒரு டிரான்ஸ்போர்ட்டில் ஓராண்டு ஓட்டத்துக்கும் ஒப்புக்கொண்டு வந்திருந்தார்.

பென்டிரைவை வாங்கி மடிக்கணினியில் செருகினேன். எல்லாம் இருந்தன. நீ சொன்னபடியே அப்படியே இருந்தன. என் பதிலை ஓடவிட்டேன். அவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, கூடத்து நடுவில் நின்று கேட்டார். முழங்காலைப் பற்றிச் சொன்ன இடத்தில் தரையைப் பார்த்தார். முடிந்ததும், "இதப் போனுல சொல்லியிருக்கலாமல்ல" என்றார். "நீங்க கேட்டிருக்கலாமல்லங்க" என்றேன். போனில் கேட்டிருக்கலாம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை நம்பியது எவ்வாறு குற்றமாகும் என்று எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அன்றே உன்னை அழைத்தேன். என்டிஎஃப்எஸ் என்பதை லாரி செட் படிக்காது என்று நீ மிக எளிதாகச் சொன்னாய், அது உனக்கு முன்பே தெரிந்த செய்தி என்பதுபோல. தெரிந்திருந்தால் ஏன் மாற்றினாய் என்றேன். அந்தப் பென்டிரைவ் லாரிக்குப் போகும் என்பது நினைவில் இல்லை என்றாய். பிறகு, செட் பழையது, செட்டை மாற்றுங்கள் என்றாய். நான் விடாமல் வழி கேட்டபோது, எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள், அது எல்லாவற்றிலும் ஓடும், பெரிய கோப்பையும் ஏற்கும் என்று ஆணையிட்டுவிட்டு மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

எக்ஸ்ஃபேட் ஆகச் செய்தேன். வண்டி அப்போது சேலம் சாலையில் பாடி கட்டும் பட்டறையில் பக்கப் பலகை மாற்ற நின்றிருந்தது. வெயிலில் அங்கே நடந்து போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினேன். பட்டறைக்காரர் குப்புசாமி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, லைசென்சு எடுத்தாச்சுங்களா?" என்றார். பட்டறை முழுவதும் சிரித்தது. செருகினேன். மறுபடியும் நோ ஃபைல். எல்லாவற்றிலும் ஓடும் என்று என் பொறியாளர் மகன் கூறிய ‘எல்லாவற்றிலும்’ என்ற சொல்லுக்குள் அவன் அப்பாவின் லாரி அடங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, பழையபடி ஃபேட் 32 ஆக்கிவிடலாம் என்று முயன்றேன். ஃபார்மேட் செய்யும் பெட்டியைத் திறந்தால் அந்தப் பெயரே பட்டியலில் இல்லை. என்டிஎஃப்எஸ் இருக்கிறது, எக்ஸ்ஃபேட் இருக்கிறது, எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. கடையிலிருந்து வாங்கியபோது அதே பென்டிரைவ் ஃபேட் 32 ஆகத்தானே இருந்தது, இருந்த ஒன்றாக ஏன் அதை மீண்டும் ஆக்க முடியாது என்று கணினியிடம் நான் வாய்விட்டே கேட்டேன். பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்: முப்பத்திரண்டு ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவ் என்றால் விண்டோஸ் அந்த வாய்ப்பைச் சாளரத்தில் காட்டாதாம். அதற்கெனத் தனி மென்பொருள் வேண்டுமாம். என்னுடையது அறுபத்துநான்கு. கைவசம் கிடக்கும் பொருளுக்கு எது பொருந்தும் என்று அறிய ஒரு பெண் இவ்வளவு படிக்க வேண்டியிருப்பது எத்தகைய முன்னேற்றம் என்பதை உன் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்.

தனி மென்பொருளை நம்ப எனக்கு மனமில்லை. பேருந்து நிலையத்தருகே போய்ப் பதினாறு ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். செருகி, வலது பொத்தானை அழுத்தி, ஃபார்மேட் என்பதைத் தேர்ந்தேன். ஃபேட் 32 பட்டியலில் இருந்தது. முதலில் என் பதிலை நகல் எடுத்தேன், ஏனெனில் கூடத்தில் நின்று கேட்டதை அவர் ஓட்டும்போதும் ஒருமுறை கேட்க வேண்டும். பிறகு மற்றவை. கணினியில் முறைப்படி வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கையில் எடுத்தேன். நீ அப்படியே பிடுங்குவாய், நான் பிடுங்கமாட்டேன். மீண்டும் பட்டறைக்கு நடந்தேன். இம்முறை குப்புசாமி ஏதும் கேட்கவில்லை. ஏறுவதற்குப் படியருகே ஒரு கட்டையை இட்டு வைத்திருந்தார்.

செருகியதும் பாடிற்று. கதைதான் முதலில் வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் செட் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. எது முதலில் நகலானதோ அதையே முதலில் எடுக்கிறது. செல்லமுத்து பாட்டுக்கு வைத்திருந்த ஒலியளவில், கேபின் கதவு திறந்திருக்க, என் குரல் பட்டறை முழுவதும் எழுந்தது: "தங்கள் வினாவுக்கு என் மறுமொழி இது. வாகனத்தை விற்றுவிட்டு இல்லம் திரும்புங்கள்." கிரைண்டர் நின்றது. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை; அழுத்திய ஒன்று ஒலியைக் கூட்டிற்று. கண் கூசுவதும் முழங்கால் மடங்காததும் வரை எல்லோரும் கேட்டார்கள். ஒருவழியாகப் பென்டிரைவை உருவினேன். ஆம், முறைப்படி வெளியேற்றாமல்தான்.

எவரும் சிரிக்கவில்லை. குப்புசாமி கீழே நின்றபடி சொன்னார்: "நல்லாத்தானுங்க சொல்லியிருக்கீங்க. எனக்கும் அண்ணனப் பாத்தா அப்படித்தானுங்க தோணும். பரமத்தியில நம்ம சொந்தக்காரரு ஒருத்தரு வண்டி தேடறாரு. அந்த ஓட்டத்தோடயே எடுத்துக்குவாருங்க, டிரான்ஸ்போர்ட்டுல பேசிக்கலாமுங்க. அண்ணன் இந்த நடை போயிட்டு வார வரைக்கும் பொறுக்கச் சொல்றேன்."

ஆகவே, வழி அடைபட்டுவிடவில்லை. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர்தானே முதலில் கேட்டவர். அவர் தலையாட்டவில்லை. "நீ சொல்லீட்டே, சரி. பையன் என்ன நெனைக்கறானோ? கல்யாணம் பண்ணிக் குடும்பம் வைக்கப் போற நேரத்துல அப்பன் வேலைய உட்டுட்டு உக்காந்துட்டா, நம்ம தலையில உழுந்துட்டாருன்னு தோணாதா?" என்றார். அவன் அப்படி நினைக்கமாட்டான் என்றேன். "அத அவன் சொல்லோணும்" என்றார். இது நடந்தது நேற்று. இன்று காலை உன் பெட்டி வந்தது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அதைப் பிரிக்கவில்லை என்று? விற்கச் சொல்கிற வண்டிக்குப் புதுச் செட் வாங்கி அனுப்பியிருக்கிறாய். நீ என்ன நினைத்து அனுப்பினாய் என்பது எனக்குத் தெரியும்: அம்மா ஒரு மாதமாகப் புலம்புகிறாள், செட்டை மாற்றிவிட்டால் புலம்பல் நிற்கும். அவர் அதை எப்படிப் படித்தார் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். என்னிடமிருந்து வெற்றுப் பென்டிரைவ் வந்ததாக எண்ணி ஒரு முடிவெடுத்தார். உன்னிடமிருந்து வந்த செட்டைப் பார்த்து இன்னொரு முடிவெடுக்கிறார். இரண்டு முறையும் தவறு, இரண்டு முறையும் அவர்மேல் பழி சொல்ல இடமில்லை.

இனி, பென்டிரைவைப் பற்றி உனக்குச் சில அறிவுரைகள். இவற்றை வாழ்க்கைத் தத்துவமாக மாற்றி மணமேடையில் எவரிடமும் சொல்லிவிடாதே. நான் பென்டிரைவைப் பற்றித்தான் பேசுகிறேன். எந்த ஃபார்மேட் சிறந்தது என்று ஒருபோதும் கேட்காதே. எதில் செருகப் போகிறோம் என்று கேள். விண்டோஸ் கணினிக்குள்ளேயே வாழ்ந்து மடியப் போகிறதென்றால் என்டிஎஃப்எஸ் இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய வீடியோவைப் புதிய கணினிகளுக்கும் புதிய தொலைக்காட்சிக்கும் இடையே கொண்டுசெல்வதென்றால் எக்ஸ்ஃபேட் பொருந்தும், ஆனால் அந்தத் தொலைக்காட்சியில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு. லாரி செட், பழைய ஸ்பீக்கர், கோயில் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி என்றால் ஃபேட் 32, கோப்பு எதுவும் நான்கு ஜிபியைத் தாண்டாமல். உன் திருமண வீடியோ நிச்சயம் தாண்டும். அதற்குத் தனிப் பென்டிரைவ் வாங்கு, என்னுடையதைத் தொடாதே. மற்றொருவர் பொருளை ஃபார்மேட் செய்யும் முன், உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது; அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று உரியவரிடம் கேள். நீ இரண்டு இடங்களில் சோதித்துப் பார்த்தாய். அது போக வேண்டிய மூன்றாவது இடம் வாசலில் பன்னிரண்டு சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது.

உன் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். மாற்றியதற்காக அல்ல. அப்பா பார்க்க வேண்டும் என்றுதானே மாற்றினாய். ஒரு மாதமாக ஒவ்வொரு முறையும் செட்டின் மேல் பழியைப் போட்டாயே, அதற்காக. செட் என்ன செய்யும்? அது தனக்குத் தெரிந்த ஒன்றை இத்தனை ஆண்டுகள் பிழையில்லாமல் படித்தது. அந்தச் செட்டைக் கழற்றி எறியச் சொல்லும்போது உன் அப்பா அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நீ அறியமாட்டாய். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். "பழசு, மாத்திப்போடுங்க" என்று நீ சொன்னதும் அவர் எழுந்து வெளியே போனார். அந்தச் சொல்லை அவர் எதைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார் என்பதை நான் கேட்கவில்லை.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வியாழன் காலை வண்டி கிளம்புகிறது. பதினாறு ஜிபி பென்டிரைவைக் கேபினிலேயே செருகிச் சோதித்து வைத்துவிட்டேன். கதைகள் ஏற்றியாகிவிட்டன, ஆனால் அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன், ஏனெனில் எது முதலில் நகலாகிறதோ அதுதான் முதலில் ஓடும், முதல் இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது. அப்பாவைத் தொலைபேசியில் அழைக்காதே. நீ சாப்பிட்டீர்களா என்பாய், அவர் ஆச்சு என்பார், இருவரும் வைத்துவிடுவீர்கள். சங்கடமாக ஏதேனும் தொடங்கினால் அவருக்குச் சிக்னல் போய்விடும். உன் குரலில் பதிவு செய். வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல். பாரமில்லை என்று சொல், அந்தச் சொல்லையே சொல், வேறு அழகான சொல் தேடாதே. செட்டை எதற்காக அனுப்பினாய் என்றும் சொல். நிச்சயதார்த்தத்தன்று அந்த நாற்காலியில் யார் இருந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல். என்னைப் போல எழுதி வைத்து வாசிக்காதே. நீ பேசுவதுபோலப் பேசு, அவருக்கு அது போதும். நாமக்கல் எல்லையைத் தாண்டி, செல்லமுத்து பின்னால் படுத்த பிறகு, அவர் அதைச் செருகுவார். அங்கே அவரால் எழுந்து வெளியே போக முடியாது.

புதன் மாலைக்குள் என் கைக்கு வர வேண்டும். உன் கைப்பேசி எம்4ஏ ஆகத்தான் கொடுக்கும். எம்பி3யாக மாற்றி அனுப்பு, அல்லது அப்படியே அனுப்பு, நான் மாற்றிக்கொள்கிறேன். கோப்பு பெரிதாகிவிடுமோ என்று கவலைப்படாதே. உன் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டியது நான்கு ஜிபியைத் தாண்டாது.

உன் பதிவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா